சைலன்சரை மாற்றினால் பைக் மலை ஏறாது

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இலங்கை மலையகத்தில் தலவாக்கலைக்கும் நானுஓயாவுக்கும் இடையில் ரோட்டோரமாக ஒரு சின்ன கராஜ் வைத்திருக்கும் பைக் மெக்கானிக் நான். சத்தமான சைலன்சர் போட்ட மோட்டார் சைக்கிள்களைப் பொலிஸார் பிடித்தார்கள், கழற்றி எடுத்தார்கள், தண்டப்பணம் விதிக்கப்பட்டது என்று பத்திரிகைகளில் அடிக்கடி செய்தி வருகிறது. பிடிப்பது சரிதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தப் பையன் ஏன் அதைப் போட்டான், போட்ட பிறகு அவனுடைய பைக்குக்கு என்ன ஆனது என்று யாரும் எழுதுவதில்லை. கூடுதல் இழுவை கிடைக்கும் என்று நம்பித்தான் பாதிப் பேர் அதை வாங்குகிறார்கள். நம்முடைய மலையில் அது கிடைப்பதில்லை, ஏற்கெனவே இருந்த இழுவையும் குறைகிறது. இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லத்தான் இந்தக் கடிதம், நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தீபாவளி, தைப்பொங்கல், தோட்டத்துத் திருவிழா என்று வந்தால் கொழும்பில் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலை செய்கிற தம்பிமார் நிறையப் பேர் பைக்கிலேயே ஊருக்கு வருகிறார்கள். வந்ததும் கராஜுக்கு வருவார்கள். கையில் ஒரு பை, அதற்குள் பளபளவென்று ஒரு குட்டை சைலன்சர், கூடவே கூம்பு மாதிரி ஒரு ஓப்பன் பில்டர். "அண்ணே, இதை ரெண்டையும் போட்டு அப்படியே கொஞ்சம் டியூன் பண்ணிக் கொடுங்க, ரதல்ல ஏத்தத்துல மூணாவது கியர்லயே போகணும்" என்பார்கள். ஆசையில் எந்தத் தப்பும் இல்லை. இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு ரதல்ல ரோட்டிலோ பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்ட ரோட்டிலோ ஒரு 150 சீசீ பைக்கில் ஏறிப் பார்த்தவர்களுக்கு அந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்று தெரியும். அதோடு 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். அந்த ஐந்து வருடத்தில் புது பைக் கிடைப்பதே கஷ்டமாகிவிட்டது, பழைய பைக்கின் விலையோ ஆளைத் தூக்கிப் போடுகிற மாதிரி ஏறியது. அதனால் இன்றைக்கும் தோட்டங்களில் ஓடுகிறவற்றில் பெரும்பகுதி, பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கிற கார்புரேட்டர் வைத்த பழைய பல்சர், டிஸ்கவர், சீடி 100, அப்பாச்சி, ஸ்ப்ளெண்டர் வகைதான். இருக்கிற பைக்கிலிருந்து இன்னும் கொஞ்சம் எடுக்கலாமா என்று பார்ப்பது இயல்பு.

இங்கே முதலில் புரிந்துகொள்ள வேண்டியது காற்றை. ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 1,270 மீட்டர் உயரம், நுவரெலியா 1,868 மீட்டர். மேலே போகப் போகக் காற்று ஐதாகிறது. காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிற டர்போ இல்லாத சாதாரண எஞ்சின் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஏறத்தாழ 10 சதவீதம் வலுவை இழக்கும் என்பது எல்லா நாட்டிலும் மெக்கானிக்குகள் வைத்திருக்கிற கணக்கு. கொழும்பில் 14 குதிரைவலு தருகிற எஞ்சின் நுவரெலியாவில் பதினொன்றரை அளவுக்கு வந்துவிடும். எஞ்சினில் பழுதில்லை, உள்ளே போகிற காற்றே அவ்வளவுதான். எந்தச் சைலன்சரைப் போட்டாலும் வெளியே இல்லாத காற்றை அதனால் உள்ளே கொண்டுவர முடியாது.

அடுத்தது பெற்றோல். ஒரு பங்கு பெற்றோல் முழுதாக எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். எஞ்சின் முழு வலு தருவது அதைவிடச் சற்றுப் பெற்றோல் கூடின கலவையில், 12.5க்கும் 13க்கும் இடையில். கார்புரேட்டருக்கு உயரம் தெரியாது. காற்று குறைந்தாலும், பெற்றோல் வருகிற சின்ன மூக்கான ஜெட்டின் துவாரம் அதே துவாரம், அதனால் பெற்றோல் அந்த அளவுக்குக் குறைவதில்லை. கடல் மட்டத்துக்குச் சரியாக வைத்த கார்புரேட்டர் நுவரெலியாவுக்கு வந்தால் கலவையில் பெற்றோல் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு கூடிவிடும். வேக்குவம் கார்புரேட்டர் இதை ஓரளவு தானே சமாளிக்கும், பழைய சாதாரண வகை சமாளிக்காது. இதன் விளைவைப் பார்க்க மெஷின் எதுவும் தேவையில்லை, தீப்பொறி கொடுக்கிற ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் போதும். ஏற்றத்தில் நல்ல சூட்டோடு ஓடி வந்த பைக்கை நிறுத்தி, கொஞ்சம் ஆறவிட்டு, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நடுவில் இருக்கிற வெள்ளைப் பீங்கான் மூக்கு பால் தேத்தண்ணீர் நிறத்தில் இருந்தால் கலவை சரி. கறுப்பாக, விரலில் தேய்த்தால் மை மாதிரி ஒட்டுகிற கரி படிந்திருந்தால் பெற்றோல் கூட. சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துப்போய், ஓரத்தில் சின்னச் சின்ன மணிகள் தெரிந்தால் பெற்றோல் குறைவு, எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது என்று அர்த்தம். பல்சர் 150க்கு இரண்டு பிளக், இரண்டையும் கழற்றிப் பார்க்க வேண்டும், கைக்கு எட்டுகிறதை மட்டும் பார்த்துவிட்டு விடக் கூடாது.

எங்கள் பக்கத்தில் கழற்றுகிற பிளக்குகளில் அதிகமானவை கறுப்பு. அதாவது இந்த மலையில் பெரும்பாலான பைக்குகள் ஏற்கெனவே பெற்றோலைக் கூடக் குடித்துக்கொண்டுதான் ஓடுகின்றன. இதற்கு வைத்தியம் ஒரு சைஸ் சின்ன மெயின் ஜெட். உதாரணத்துக்கு 110 என்று போட்ட ஜெட் இருந்தால் 105. அப்புறம் கார்புரேட்டருக்குள் இருக்கிற ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே ஏற்றுவது, பைக் நிற்கும்போது எஞ்சின் ஓடுகிற கலவையை வைக்கிற ஐட்லிங் ஸ்குரூவைச் சரி பண்ணுவது. ஒரு ஜெட்டின் விலை நல்ல ஹெல்மட்டுக்கான விலையில் மிகச் சின்னப் பங்கு. ஆனால் இதைக் கேட்டு வருகிறவர்கள் அபூர்வம், சைலன்சர் கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

இதில் இன்னொன்று. தம்பிமார் இந்த வேலைகளை யூடியூப் பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன், தமிழில் சொல்லித் தருகிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். ஆனால் அந்த வீடியோக்களில் பெரும்பாலானவை சென்னையிலோ கோயம்புத்தூரிலோ எடுத்தவை. சென்னை கடற்கரைப் பட்டணம். கோயம்புத்தூர் 400 மீட்டரை ஒட்டி. அங்கே ஓப்பன் பில்டர் போட்டவன் ஜெட்டை இரண்டு சைஸ் பெரிதாக்கு என்று சொன்னால் அவனுக்கு அது சரி. அதே எண்ணை அப்படியே லிந்துலையில் கொண்டுவந்து போட்டால் பைக் கறுப்புப் புகை கக்கும், லீட்டருக்கு ஓடுகிற தூரம் குறையும், காலையில் ஸ்டார்ட் ஆகாது. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருக்கிற மெக்கானிக் ஒருவர் சொன்னால் அதை எடுத்துக்கொள்ளலாம், அந்த ஊர்கள் நம் நுவரெலியாவை விடவும் உயரம்.

சரி, இப்போது அந்தக் குட்டை சைலன்சரையும் ஓப்பன் பில்டரையும் சேர்த்துப் போட்டால் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பில்டர் பெட்டியைக் கழற்றினால் காற்று தடையில்லாமல் வரும், கார்புரேட்டருக்குள் உறிஞ்சல் குறையும், அதனால் ஜெட் வழியாக வருகிற பெற்றோலும் குறையும். சைலன்சரைத் திறந்துவிட்டால் அதுவும் இதே பக்கம்தான் தள்ளும். ஆக இரண்டும் சேர்ந்து கலவையில் பெற்றோலைக் குறைக்கின்றன. மலையின் உயரமோ பெற்றோலைக் கூட்டுகிறது. கூட்டலும் கழித்தலும் கிட்டத்தட்டச் சமமாகிப் பைக் இங்கே பரவாயில்லாமல் ஓடும். சில சமயம் முன்னை விடக் கொஞ்சம் துடிப்பாகக்கூடத் தெரியும். பையன் சந்தோஷமாகிறான், "பாத்தீங்களா அண்ணே, பவர் ஏறிடுச்சு" என்கிறான். ஒரு சைஸ் சின்ன ஜெட் போட்டிருந்தாலே, பில்டரும் சைலன்சரும் அப்படியே இருக்க, அந்தத் துடிப்பு கிடைத்திருக்கும்.

ஆபத்து அதற்குப் பிறகுதான் வருகிறது. லீவு முடிந்து அதே பைக்கை எடுத்துக்கொண்டு ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, கித்துல்கல வழியாக இறங்குகிறான். இறங்க இறங்கக் காற்று அடர்த்தியாகிறது. அவிசாவளைக்கு வரும்போது கிட்டத்தட்ட கடல் மட்டம். மலை கூட்டிக் கொடுத்த பெற்றோல் அங்கே இல்லை, ஓப்பன் பில்டரும் சைலன்சரும் குறைத்த குறைவு மட்டும் மிச்சம். அவிசாவளை தாண்டினால் ரோடு நேராகிறது, எக்சிலேட்டரை முழுசாகத் திருகுகிறான், வெயில் வேறு. பெற்றோல் குறைந்த கலவையில் முழு லோடு ஏறினால் எஞ்சின் தலை கொதிக்கும், உள்ளே கலவை தாறுமாறாக வெடிக்கிற நொக்கிங் சத்தம் வரும், ஆனால் அந்தச் சைலன்சரின் சத்தத்தில் நொக்கிங் எங்கே கேட்கப் போகிறது? பிஸ்டன் உச்சி உருகிப் பொத்தல் விழுந்தது, எக்சோஸ்ட் வால்வு கருகினது, ஜாம் ஆகி நடுரோட்டில் பின்சில்லு பிடித்துக்கொண்டது என்று வந்த எஞ்சின்களை நான் கழற்றியிருக்கிறேன். பின்னால் லொறி வருகிற ரோட்டில் பின்சில்லு பிடித்துக்கொண்டால் அது பைக்கின் பிரச்சினையாக மட்டும் இருக்காது.

எக்சிலேட்டரை விட்டவுடன் சைலன்சரிலிருந்து பட் பட் என்று வெடிக்கிற சத்தத்தைப் பையன்கள் ரசிக்கிறார்கள். றம்பொடை வளைவுகளில் இறங்கும்போது அதற்காகவே எக்சிலேட்டரை முறுக்கி முறுக்கி விடுகிறார்கள். எரியாத பெற்றோல் சூடான குழாய்க்குள் போய், எஞ்சினிலிருந்து சைலன்சருக்குப் போகிற பென்ட் பைப் இணைப்பிலோ வேறெங்கோ உள்ளே வருகிற காற்றோடு சேர்ந்து எரிகிற சத்தம் அது. கலவை சரியில்லை, அல்லது கஸ்கெட் கசிகிறது என்று எஞ்சினே சொல்கிறது. அதைக் கேட்டதும் கராஜுக்குக் கொண்டுவர வேண்டும்.

சைலன்சர் என்றால் சத்தத்தை அடைக்கிற டப்பா என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள், அதைத் திறந்துவிட்டால் எஞ்சின் சுதந்திரமாக ஓடும் என்றும் நினைக்கிறார்கள். நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் புகை ஒரே சீராகப் போவதில்லை, ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒரு அலையாகப் போகிறது. அந்த அலை குழாயின் முனையில் மோதித் திரும்பி வருகிற நேரம் சரியாக அமைந்தால் மிச்சப் புகையை வெளியே இழுத்துவிட்டுப் புதுக் கலவை உள்ளே வர இடம் கொடுக்கும். குழாய் எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம் என்பதைப் பொறுத்து எந்த ஆர்பிஎம்மில், அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றும்போது, அந்த உதவி கிடைக்கும் என்பது மாறும். கம்பெனி போட்ட குழாய் கீழ் ஆர்பிஎம்மிலும் நடு ஆர்பிஎம்மிலும் இழுக்கிற மாதிரி அமைத்தது. குட்டையான, அகலமான குழாயைப் போட்டால் அந்த உதவி மேல் ஆர்பிஎம்முக்குப் போய்விடும். நேர் ரோட்டில் 8,000, 9,000 ஆர்பிஎம்மில் ஓட்டுகிறவனுக்கு அதில் ஏதாவது கிடைக்கலாம். நம் தோட்ட ரோட்டில் யார் 9,000 ஆர்பிஎம்மில் ஓட்டுகிறார்கள்? கேஸ் சிலிண்டரைப் பின்னால் கட்டிக்கொண்டு, அல்லது அம்மாவை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு, கொங்கிரீட் பிளந்த ஏற்றத்தில் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் மெல்ல ஏறுகிறோம். நமக்கு வேண்டியது 3,000, 4,000 ஆர்பிஎம்மில் வருகிற இழுவை. அந்தச் சைலன்சர் முதலில் பறிப்பது அதைத்தான். ஏற்றத்தில் நடுவழியில் எஞ்சின் திணறுகிறது, கிளட்ச்சைப் பாதி பிடித்து ஓட்டுகிறார்கள், சில மாதத்தில் கிளட்ச் பிளேட் எரிகிறது. மறுபடியும் செலவு.

பில்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓப்பன் பில்டர் எஞ்சினுக்குப் பக்கத்தில், எஞ்சினின் சூட்டுக் காற்றை இழுத்துக்கொண்டு நிற்கும். சூட்டுக் காற்று இன்னும் ஐது, அதாவது உயரம் எடுத்தது போதாதென்று நாமும் எடுக்கிறோம். மழை மாதங்களில் முன்சில்லு அள்ளி அடிக்கிற சேற்றுத் தண்ணீரும் பனிமூட்டத்தின் ஈரமும் நேரே அதில்தான். வெயில் காலத்தில் தார் போடாத தோட்ட ரோட்டுப் புழுதி. மலிவான பில்டர்களின் வலையில் பெரிய ஓட்டைகள், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாலே மறுபக்கம் தெரியும். அதற்குள் போகிற மண் சிலிண்டர் சுவரையும் ரிங்கையும் அராவி எடுக்கும், கொஞ்ச நாளில் நீலப் புகை வரும், ஒயில் குறையும், சிலிண்டரைக் கடைந்து போர் பண்ண வேண்டியதாகும். பல்சர் வகையில் இருக்கிற வேக்குவம் கார்புரேட்டரில் ரப்பர் டயாபிராமோடு சேர்ந்த ஸ்லைட் ஒன்று உறிஞ்சலுக்கு ஏற்ப மேலே கீழே போகிறது, பில்டர் பெட்டி இல்லாமல் அந்த உறிஞ்சல் நிலையாக இருப்பதில்லை, எக்சிலேட்டரைத் திருகும்போது நடுவில் ஒரு தொய்வு வரும். முந்திப் போகிற நேரத்தில் அந்தத் தொய்வு வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

கம்பெனிப் பெட்டியை அப்படியே வைத்துவிட்டு உள்ளே இருக்கிற பில்டரைச் சுத்தமாக வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். கடதாசி பில்டர் என்றால் உள்பக்கமிருந்து வெளிப்பக்கமாக மெல்ல ஊத வேண்டும், தண்ணீரில் கழுவக் கூடாது, நைந்துபோனால் மாற்ற வேண்டும். ஸ்பொஞ்ச் பில்டர் என்றால் கழுவி, நன்றாகக் காயவைத்து, கொஞ்சம் எண்ணெய் தடவிப் பிழிந்து போட வேண்டும், எண்ணெய் இல்லாத ஸ்பொஞ்ச் தூசியைப் பிடிக்காது. புத்தகத்தில் போட்டிருக்கிற கிலோமீட்டர் கணக்கு சுத்தமான ரோட்டுக்கு. தோட்ட ரோட்டில் ஓடுகிற பைக்குக்கு அதில் பாதியிலேயே திறந்து பார்க்க வேண்டும்.

கார்புரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் அளந்து பெற்றோல் தெளிக்கிற புது வகை இன்ஜெக்ஷன் பைக் வைத்திருக்கிறவர்கள் தங்களுக்கு இது பொருந்தாது என்று நினைக்க வேண்டாம். அவற்றில் காற்றழுத்தத்தையும் வெப்பத்தையும் அளக்கிற சென்சர்கள் உண்டு, மலை ஏறினால் பெற்றோலைத் தானே குறைக்கும், இறங்கினால் தானே கூட்டும். நம் ஊருக்கு இதைவிட வசதி கிடையாது. ஆனால் பென்ட் பைப்பில் இருக்கிற ஒட்சிசன் சென்சரைப் புதுக் குழாயில் போட இடமில்லை என்று கழற்றித் தொங்கவிட்டு அனுப்புகிறார்கள் சிலர், உள்ளே இருக்கிற, புகையைச் சுத்தம் பண்ணுகிற கட்டலிட்டிக் கன்வேட்டரைக் குத்தி எடுக்கிறார்கள் வேறு சிலர். எஞ்சின் லைட் எரிந்தால் பல்பைக் கழற்றிவிடுகிறார்களாம். சென்சர் இல்லாமல் அந்தக் கம்ப்யூட்டர் ஊகத்தில்தான் பெற்றோல் கொடுக்கும்.

அப்படியானால் மலையில் நன்றாக இழுக்க என்னதான் செய்வது? முதலில் டெப்பட், அதாவது வால்வு இடைவெளி. அது மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு, மெல்லிய தகடுகளால் இடைவெளியை அளக்கிற பீலர் கேஜ் வைத்து எஞ்சின் நன்றாக ஆறின பிறகுதான் பார்க்க வேண்டும். வெறும் கையால் ஆட்டிப் பார்த்துச் சரி என்கிறவர்களிடம் கொடுக்காதீர்கள். இறுகிப்போன டெப்பட்டால் வால்வு முழுசாக மூடாது, அழுத்தம் கசியும், ஏற்றத்தில் உடனே தெரியும். அப்புறம் நான் மேலே சொன்ன ஜெட்டும் பிளக்கும் பில்டரும். அதற்குப் பிறகும் இழுவை போதவில்லை என்றால் முன் ஸ்ப்ரொக்கட்டில் ஒரு பல் குறையுங்கள். 15 பல்லுக்குப் பதில் 14 போட்டால் பின்சில்லில் இழுவை 7 சதவீதம் அளவுக்குக் கூடும், உச்ச வேகம் அந்த அளவுக்குக் குறையும், நம் வளைவுகளில் அந்த உச்ச வேகத்தால் ஒரு பயனும் இல்லை. இந்த ஒரு சாமானின் விலையையும் அந்தச் சைலன்சரின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டயரில் காற்று, சில்லு தாராளமாகச் சுற்றுகிறதா பிரேக் உரசுகிறதா, செயின் தளர்வு, இவற்றையும் பார்த்துவிடுங்கள். பிரேக் உரசிக்கொண்டிருக்கிற பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்து பவர் இல்லை என்று சொல்கிறவர்கள் நிறைய.

ஐட்லிங் ஸ்குரூவைத் தாங்களே திருகுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எஞ்சினைச் சும்மா ஸ்டார்ட்டில் வைத்துச் சூடாக்கினால் போதாது, ஒரு சுற்று ஓட்டிவிட்டு வர வேண்டும், சோக் இழுத்தபடி இல்லாமல் முழுசாக விடப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நுவரெலியாக் குளிரில் காலையில் சோக் இழுத்தவர்கள் மத்தியானம்வரை அதை மறந்துவிடுகிறார்கள். கலவை ஸ்குரூ கார்புரேட்டரில் பில்டர் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துகிறது, உள்ளே திருகினால் பெற்றோல் கூடும். எஞ்சின் பக்கம் இருந்தால் அது பெற்றோலைக் கட்டுப்படுத்துகிறது, உள்ளே திருகினால் பெற்றோல் குறையும். இது தெரியாமல் ஒரு பைக்கில் பார்த்ததை இன்னொரு பைக்கில் செய்து கெடுத்தவை ஏராளம். மெல்லத் திருகி ஆர்பிஎம் அதிகபட்சமாக ஏறுகிற இடத்தில் நிறுத்தி, ஐட்லிங்கை நிமிடத்துக்கு 1,400 சுற்றுக்கு இறக்கிவிட்டால் சரி. புகைப் பரிசோதனை நாளன்று மட்டும் ஸ்குரூவை மாற்றிச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு, வருடா வருடம் எடுக்க வேண்டிய வருமான அனுமதிப்பத்திரம் எடுத்ததும் திருப்பிவிடுகிற பழக்கத்தை விடுங்கள். பரிசோதனையில் பாஸாகிற கலவைதான் உங்கள் பெற்றோல் காசையும் மிச்சப்படுத்துகிற கலவை. 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டின்போது கியூஆர் கோட்டுக்கு பைக்குக்கு வாரம் 4 லீட்டர் கொடுத்தபோது இதையெல்லாம் எல்லோரும் அக்கறையாகக் கேட்டார்கள், பிளக்கை எப்படிப் பார்ப்பது என்று வயதானவர்கள்கூட நின்று கற்றுக்கொண்டார்கள். அந்த அக்கறை எங்கே போனது என்று தெரியவில்லை.

பவர் ஏறியதா இல்லையா என்று தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. வாகனம் அதிகம் வராத ஒரு ஏற்றத்தில் இரண்டு அடையாளம் வைத்து, ஒரே கியரில், இரண்டு முறையும் அதே ஆள் பின்னால் இருக்க, ஒரே வேகத்தில் தொடங்கி, எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று போனில் பிடியுங்கள். சாமான் மாற்றுவதற்கு முன்பும் பின்பும் பிடியுங்கள். காதால் கேட்டு முடிவு செய்யாதீர்கள், சத்தம் கூடினால் வேகமும் கூடின மாதிரித்தான் தெரியும். ஏப்ரல் சீசனில் நுவரெலியா மஹகஸ்தொட்ட மலையேற்றப் போட்டியைப் பார்க்கப் போகிற தம்பிமாருக்கும் இதையே சொல்கிறேன். அங்கே ஓடுகிறவர்கள் சைலன்சரை மட்டும் மாற்றிக்கொண்டு வருவதில்லை. கேம், பிஸ்டன், கார்புரேட்டர், குழாய் எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று பொருத்தி, அந்த உயரத்திலேயே ஜெட் மாற்றி மாற்றிப் பார்த்து, ஒரு சின்ன ஓட்டத்துக்காகத் தயார் செய்கிறார்கள். ஓட்டம் முடிந்தால் எஞ்சினைத் திரும்பக் கழற்றுகிறார்கள். அந்த பைக் வேலைக்குப் போய் வருகிற பைக் அல்ல.

சத்தத்தைப் பற்றி நான் நீட்டி எழுதப் போவதில்லை, லயத்தில் வாழ்கிற எல்லோருக்கும் தெரியும். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் காம்பிரா, நடுவில் ஒரு மெல்லிய சுவர். இரவு பதினொரு மணிக்கு ஒரு பைக் லயத்து வாசலில் திரும்பினால் எல்லா வீட்டுக் குழந்தையும் எழும்பும், விடியற்காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போக வேண்டிய தாய்மாரும் பேக்டரியில் இரவு வேலை முடித்து வந்து படுத்தவர்களும் எழும்புவார்கள். பள்ளத்தாக்கில் சத்தம் எதிரொலித்து அடுத்த டிவிஷன் வரைக்கும் போகும். சாதாரண தர, உயர்தரப் பரீட்சைக் காலத்திலாவது இதை நினைத்துப் பார்க்கக் கூடாதா? அந்த பைக்குக்கான காசும் அதே லயத்திலிருந்துதான் வருகிறது. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாள் சம்பளம் 1,350 ரூபாவாக்கப்பட்டது. ஒரு நல்ல சைலன்சருக்கும் அது கெடுத்த எஞ்சினைத் திரும்பக் கட்டுவதற்கும் அம்மா எத்தனை நாள் கொழுந்து பறிக்க வேண்டும் என்பதை அந்தத் தம்பியே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

என்னுடைய வேண்டுகோள்கள் இவை. பொலிஸார் பிடிக்கிறபோது சைலன்சரை விற்ற கடையையும் பொருத்திய கராஜையும் கேளுங்கள், வண்டியோட்டியோடு மட்டும் நிறுத்தாதீர்கள். மலையகத்தில் கராஜ் வைத்திருக்கிற சக தொழிலாளர்களே, ஜெட் மாற்றாமல் சைலன்சரும் ஓப்பன் பில்டரும் பொருத்திக் கொடுக்கிற வேலையைத் தயவுசெய்து ஏற்காதீர்கள், வருகிற பையனிடம் பிளக்கைக் கழற்றிக் காட்டுங்கள், காட்டினால் புரிந்துகொள்கிறார்கள், என் கராஜில் சைலன்சர் கேட்டு வந்து ஸ்ப்ரொக்கட் மாற்றிக்கொண்டு போனவர்கள் இருக்கிறார்கள். ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பகுதிகளில் இருக்கிற தொழிற்பயிற்சி நிலையங்கள் மோட்டார் சைக்கிள் பாடத்தில் மலை உயரத்துக்கான கார்புரேட்டர் டியூனிங்கையும் இன்ஜெக்ஷன் சென்சர்களையும் தமிழில் சொல்லித் தர வேண்டும், மாலை வகுப்பாக வைத்தால் வேலைக்குப் போகிற தம்பிமாரும் வருவார்கள்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். சினிமாவுக்கும் ராசிபலனுக்கும் பக்கம் ஒதுக்குகிற பத்திரிகைகள் வாரம் ஒரு அரைப் பக்கம் வாகனப் பராமரிப்புக்கு ஒதுக்கலாம். பைக், ஆட்டோ, வேன் என்று மலையகத்தில் எத்தனை குடும்பம் அதை நம்பிச் சாப்பிடுகிறது. இடம் கொடுத்தால், பிளக்கின் நிறங்களைப் படத்தோடு விளக்கி முதல் வாரத்துக்கு எழுதித் தர நான் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
மோட்டார் சைக்கிள் மெக்கானிக் ஒருவர்,
தலவாக்கலை.